கார்டு இருக்கிறது, வேலை செய்கிறதா?

நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் எத்தனை செல் உட்கருக்கள் இருக்கின்றன என்று எண்ணுவது உயிரியல் மாணவர்களுக்கு அன்றாட வேலை. கண்ணால் பார்த்து எண்ணினால் பொழுது போவதே தெரியாது, கண்தான் போய்விடும். 2018-இல் வந்த ஸ்டார்டிஸ்ட் என்ற இலவச மென்பொருள், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் உட்கருக்களைக்கூடப் பிரித்து எண்ணிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் பெரிய படங்கள் நூற்றுக்கணக்கில் என்றால் கிராபிக்ஸ் கார்டின் துணை வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

வழக்கமாக நடப்பது இது. ஆய்வகத்து விண்டோஸ் கணினியில் ஒரு என்விடியா கார்டு இருக்கும். மாணவர் பைத்தானில் டென்சர்ஃப்ளோவை நிறுவி, அதன்மேல் ஸ்டார்டிஸ்டைப் போட்டு ஓட்டுவார். ஓடும். எங்கேயும் முரண்டு பிடிக்காது. ஆனால் ராத்திரி முழுக்க ஓடியும் பாதிப் படங்கள்கூட முடிந்திருக்காது. "கார்டு பழசு சார், புதுசு வாங்கணும்" என்று வழிகாட்டியிடம் போய் நிற்பார். அவர் துறைத்தலைவரைக் கேட்க வேண்டும், துறைத்தலைவர் மேலே எழுத வேண்டும்... (மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே!)

பாவம், கார்டு மேல் குற்றமே இல்லை. விண்டோஸில் நேரடியாகக் கார்டைப் பயன்படுத்தும் வசதி டென்சர்ஃப்ளோவில் 2022-இல் வந்த 2.10 பதிப்போடு முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டால், மொத்தக் கணக்கையும் சிபியூ தலையில் கட்டிவிட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தான் பார்க்கும் கார்டுகளைப் பட்டியலிடச் சொல்லி டென்சர்ஃப்ளோவிடம் ஒரு வரியில் கேட்டால், வெறும் அடைப்புக்குறி வந்து நிற்கும். அந்த ஒரு வரியை முதல் நாளே கேட்காமல் வாரக்கணக்கில் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

இதற்கு வழி இரண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-வில் நிறுவலாம். இல்லாவிட்டால் 2.10-ஐயே வைத்துக்கொண்டு, அதற்குரிய கூடா 11.2-ஐப் போடலாம். (கார்டில் கணக்குப் போட உதவும் என்விடியாவின் மென்பொருளுக்கு 'கூடா' என்று பெயர். தமிழர்களுக்குச் சகுனமே சரியில்லை :-)) இங்கே இன்னொரு குழப்பம். என்விடியா-எஸ்எம்ஐ என்று தட்டினால் மேல் மூலையில் ஒரு கூடா எண் தெரியும். அது கணினியில் நிறுவியிருக்கும் பதிப்பு அல்ல. டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பதுதான். அங்கே 12 என்று இருப்பதைப் பார்த்து 11.2-ஐ நிறுவாமல் விட்டவர்கள் உண்டு.

கார்டு வேலை செய்கிறதா என்று டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பவர்களும் ஏமாறலாம். அது வழக்கமாகக் காட்டுவது 3டி வரைபடத்தை. கார்டு மூச்சு முட்ட உழைக்கும்போதும் அதில் பூஜ்யம் தெரியக்கூடும். என்விடியா-எஸ்எம்ஐ-யில் நினைவகமும் பயன்பாட்டுச் சதவீதமும் ஏறுகிறதா என்று பார்ப்பதே உருப்படியான வழி.

அடுத்தது நினைவகம். 2048-க்கு 2048 புள்ளிகள், 100 அடுக்குகள், 16 பிட் படம் என்றால் 800 மெகாபைட். கணக்குக்காக 32 பிட்டாக மாற்றினால் 1600. இடைக்கணக்குகளுக்கு இன்னும் இரண்டு பிரதிகள் என்றால் 4 ஜிபி கார்டு அங்கேயே படுத்துவிடும். உடனே படத்தைக் கையால் துண்டு போடுகிறார்கள். வெட்டுக்கோட்டில் மாட்டிய உட்கரு இரண்டு துண்டிலும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டுவிடும்! ஸ்டார்டிஸ்டிலேயே துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் வசதி இருக்கிறது. அது ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து வெட்டும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சரியானதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் செய்வதில்லை. ஒரே படத்தைச் சிபியூவிலும் கார்டிலும் ஓட்டி எண்ணிக்கையை ஒப்பிடுவது. கூட்டும் வரிசை மாறுவதால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் மாறும். எல்லைக்கோட்டில் இருக்கும் ஓர் உட்கரு விட்டுப்போகலாம், அல்லது புதிதாகச் சேரலாம். அது இயல்பு. 212 என்பது 180 ஆனால் அது இயல்பல்ல. பாதிப் படங்களை டென்சர்ஃப்ளோவின் ஒரு பதிப்பிலும் மீதியை வேறொரு பதிப்பிலும் ஓட்டியிருந்தால், ஆய்வேட்டில் அதை எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் எல்லாப் படங்களையும் ஒரே பதிப்பில் திரும்ப ஓட்ட வேண்டும். கார்டு வேலை செய்யத் தொடங்கிய பிறகு அதற்குப் பெரிதாக நேரமும் ஆகாது.