தரையில் ஒரு வடு



2007 அக்டோபரில் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குச் சென்றவர்கள், அதன் டர்பைன் மண்டபத்தில் சிலையையோ சித்திரத்தையோ காணவில்லை. 167 மீட்டர் நீளத்துக்குக் காங்கிரீட் தரை பிளந்து கிடந்தது. வாயிலருகே மயிரிழையாகத் தொடங்கிய பிளவு, போகப் போக அகன்று ஆழமாயிற்று. கொலம்பியா நாட்டுக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அதற்குச் சூட்டிய பெயர் 'ஷிபோலேத்'.

நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள். யோர்தான் துறையைக் கடக்க வந்தவர்களிடம் கீலேயாத்தியர் அந்தச் சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். 'ஷி' என்பதற்குச் 'சி' என்று சொன்ன எப்பிராயீமர் அங்கேயே வெட்டுண்டார்கள். மடிந்தவர்கள் 42,000 பேர். இரு தரப்பாரும் யாக்கோபின் சந்ததியாரே! ஐரோப்பாவில் புறம்பாக நிறுத்தப்படும் அந்நியரின் நிலையை உணர்த்தவே சால்செடோ இப்பெயரைத் தெரிந்துகொண்டார்.

2008இல் கண்காட்சி முடிந்ததும் பிளவை நிரப்பினார்கள். பல ஆண்டுகளுக்குப்பின் நான் அங்கே சென்றபோதும் அதன் வடு தரையில் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பிரியமானவர்களே, ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவரிடம் "எந்த ஊர்? யாருடைய மகன்?" என்று விசாரிக்கிறோம். அன்பினால் விசாரிக்கிறோமா, அவருடைய சாதியை அறியவா? சாதியை அறியவென்றால், நாமும் யோர்தான் துறையில் காவல் நிற்கிறோம். திருவிருந்தில் ஒன்றாய் முழங்காற்படியிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிரிந்துகிடப்பது எந்தச் சுவிசேஷம்?

வரும் ஞாயிறு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வந்தவருக்கு உங்கள் அருகில் இடம் கொடுங்கள்.