யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது

முனைவர் பட்ட ஆய்வில் சேரும்போதே மாணவருக்கு ஒரு நெறியாளர் கிடைத்துவிடுகிறார். அதனாலேயே வழிகாட்டியும் கிடைத்துவிட்டார் என்று கொள்ள முடியாது. நெறியாளர் பல்கலைக்கழகம் செய்து தரும் ஏற்பாடு. வழிகாட்டியை மாணவரே தேடிக் கண்டடைய வேண்டும். இருவரும் ஒருவராகவே அமைந்துவிடுவது நற்பேறு. அமையாதபோது என்ன செய்வது என்பதை எந்தப் பாடத்திட்டமும் கற்பிப்பதில்லை.

இந்தக் குறையின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு, எந்த அறிஞருக்கு எப்படி எழுதுவது, யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கோ, பெரியவர்களை வலியச் சென்று தொந்தரவு செய்யக் கூடாது என்பதே வீட்டில் சொல்லிக்கொடுத்த மரியாதை. அந்த மரியாதையே பல்கலைக்கழகத்தில் அவரை வாய்மூட வைக்கிறது. தாம் படித்த நூலை எழுதியவர் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் நான்கடி தொலைவில் நிற்கும்போதும், அவர் சுவரோரமாகவே நின்றுவிட்டுத் திரும்புகிறார். அவரிடம் கேள்வி இருக்கிறது. கேட்கலாம் என்பதுதான் தெரியவில்லை.

இந்திய அறிவியல் வரலாற்றில் இப்படிக் கேட்டவர்களின் சான்றுகள் பல உண்டு. அவற்றை வியப்போடு சொல்லிக் கடந்துவிடாமல், ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும்.

ராமானுஜன் என்றதும் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு அவர் 1913 ஜனவரி 16 அன்று எழுதிய கடிதமே நினைவுக்கு வரும். அக்கடிதத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1910-இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. கையில் கொண்டுபோனது கணக்கு நோட்டுகள். நோட்டுகளைப் பார்த்த ராமசாமி ஐயர், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தார். அவை வழியே நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவின் அறிமுகமும், அவரிடமிருந்து மாதந்தோறும் பண உதவியும் கிடைத்தன. 1911-இல் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தபோது, அங்கே எஸ். நாராயண ஐயர் என்ற கணிதம் அறிந்த மேலதிகாரி வாய்த்தார். கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதியும் ஊக்கமான பதில் வராத பிறகுதான் ஹார்டியின் முறை வந்தது.

இவர்களில் எவரும் ராமானுஜனின் முழு வாழ்வையும் தம் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் கடிதம் கொடுத்தார்; ஒருவர் பணம் கொடுத்தார்; ஒருவர் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒருவரே தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் மாணவர், அத்தகைய ஒருவரைக் காணாமலே ஆய்வுக் காலத்தை முடித்துவிடக்கூடும். புள்ளியியலுக்கு ஒருவர், ஆங்கில நடையைத் திருத்த ஒருவர், வேலைவாய்ப்புப் பற்றிப் பேச ஒருவர், மனம் தளரும் நாளில் தேநீருக்கு அழைத்துச் செல்ல ஒருவர் என்று பலர் சேர்ந்தும் வழிகாட்டலாம். அவர்களில் சிலர் மூத்த ஆய்வு மாணவர்களாகவோ நூலகராகவோகூட இருக்கலாம்.

சத்தியேந்திரநாத் போஸ் 1924 ஜூன் 4 அன்று டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதம் வேறொரு பாடம். அவர் தம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவில்லை. பிளாங்கின் விதி பற்றிய தம் கட்டுரையை இணைத்து, தகுதியுடையது என்று கருதினால் ஜெர்மன் இதழ் ஒன்றில் வெளியிட உதவ முடியுமா என்று கேட்டார். படித்துப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடக்கூடிய வேண்டுகோள் அது. ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். போஸும் மேகநாத் சாகாவும் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இலேயே வெளியிட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கடிதம் எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே போஸ் அந்த எழுத்துகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

சந்திரசேகரின் நிகழ்வு சற்றுக் கசப்பானது. 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவரான அவர் விடுதிக்கே சென்று சந்தித்தார். சொம்மர்ஃபெல்டின் நூலைக் கரைத்துக் குடித்திருந்தவருக்குக் கிடைத்த பதில், அந்நூலுக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்பது. கூடவே, அச்சேறவிருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப்படியையும் சொம்மர்ஃபெல்ட் கொடுத்தார். சந்திரசேகர் மனம் உடைந்து உட்காரவில்லை. சில மாதங்களில் அந்தப் புதிய முறையில் ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜின் ஃபவுலருக்கு அனுப்பினார். அது 1929-இல் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. 1930-இல் அவர் ஃபவுலரின் மாணவராகக் கேம்பிரிட்ஜ் சென்றார். சொம்மர்ஃபெல்ட் வழிகாட்டியது ஒரே ஒரு சந்திப்பில்தான். அந்தச் சந்திப்பு வீணாகாமல் பார்த்துக்கொண்டவர் மாணவர்.

இன்றைய மின்னஞ்சலுக்கும் இவை பொருந்தும். "தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன்" என்ற வரிக்கு எந்தப் பேராசிரியராலும் பதில் எழுத இயலாது. அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது முழுதாகப் படித்து, அவற்றிலிருந்து எழுந்த ஒரே கேள்வியை, அதற்கு விடைகாணத் தாம் இதுவரை முயன்றதையும் சேர்த்து, பத்து வரிகளில் எழுதினால் பதில் வர வாய்ப்புண்டு. முழு ஆய்வேட்டை இணைக்க வேண்டாம். ஒரு பக்கம் போதும். இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதன் பிறகும் மௌனம் என்றால் அடுத்தவருக்கு எழுதலாம். அந்த மௌனத்தைத் தம் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதில் வந்தால், அந்த ஆலோசனையின்படி செய்து பார்த்து, விளைந்ததை மீண்டும் எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதாமல் விடுவது இந்த இரண்டாவது கடிதத்தைத்தான். உறவு தொடங்குவதும் அதில்தான்.

ஆனால் எல்லாக் கதவுகளும் நல்ல கடிதத்துக்குத் திறந்துவிடுவதில்லை. 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்த கமலா சோஹோனி, பெண் என்பதால் மறுக்கப்பட்டார். விடாமல் போராடியதால் நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டார். அங்கே சீனிவாசய்யா என்ற ஆசிரியரின் கீழ்ப் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய உறுதியைப் போற்றுவது எளிது. அந்த உறுதி தேவைப்படாத நிறுவனத்தை உருவாக்குவதுதான் கடினம்.

அதற்கான கருவிகள் விதிகளிலேயே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களுக்கு மேல் நெறிப்படுத்தக் கூடாது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு. பருவந்தோறும் அதன்முன் அவர் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். அக்குழுவின் உறுப்பினர்கள் அறிக்கையை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால், ஒவ்வொரு மாணவருக்கும் கேட்காமலே இன்னும் சில வழிகாட்டிகள் கிடைத்துவிடுவார்கள். கூட்டம் பிஸ்கட்டும் கையெழுத்துமாக முடிந்தால், ஒருவர் தயவையே நம்பியிருக்கும் நிலைதான் மிஞ்சும்.

அந்த நிலைதான் ஆபத்தானது. வீட்டு வேலைக்கு அனுப்புபவரையும், உழைக்காத கட்டுரையில் தம் பெயரைச் சேர்ப்பவரையும் எதிர்த்துப் பேச முடியாமல் போவது, போக வேறிடம் இல்லாததால்தான். பிற ஆசிரியர்களோடு பேசக் கூடாது என்று ஒருவர் தடுத்தால், அவர் வழிகாட்டவில்லை, வழியை மறிக்கிறார்.

ஐன்ஸ்டைன் போஸுக்கு அனுப்பியது ஓர் அஞ்சலட்டை. அதைக் காட்டியதும் டாக்காப் பல்கலைக்கழகம் இரண்டாண்டு விடுப்பு அளித்தது. ஜெர்மன் தூதரக அலுவலகம் விசாவுக்குக் கட்டணம்கூட வாங்கவில்லை. பதில் எழுதும் இடத்தில் இன்று இருப்பவர்கள், திறக்காமல் கிடக்கும் அறிமுகமில்லாத மாணவர் ஒருவரின் மின்னஞ்சலுக்கு இந்த வாரம் இரண்டு வரி எழுதலாம். துறைத்தலைவர்கள், புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்களிடம் முதல் நாளிலேயே, இந்தத் துறையில் எவரிடமும் கேட்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லலாம். முதல் தலைமுறையாக வந்த மாணவருக்கு அதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.