மூன்றை மூன்றென்றே எழுதுங்கள்

எங்கள் வேட்பாளர் ஜெயித்த இரவு, மேடையேறிய பிரச்சார மேலாளர் வரிசையாக நன்றி சொன்னார். விளம்பரப் படம் எடுத்தவர், கருத்துக்கணிப்பு நடத்தியவர், குறுஞ்செய்தி அனுப்பிய குழு என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். கடைசியில், போகிற போக்கில், "நோட்டீஸ் கொடுத்த தன்னார்வலர்களுக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற சிநேகிதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயத்தில். அங்கே திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்: நாங்கள் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் இல்லை.

வர்ஜீனியாவில் தேர்தல் இல்லாத நவம்பர் கிடையாது. ஜனாதிபதித் தேர்தல் வருகிற வருஷம் ஊரே விழித்துக்கொள்ளும். மாநிலத் தேர்தல் வருவது ஒற்றைப்படை வருஷங்களில், யாருக்கும் நினைவில்லாத நேரத்தில். மாநிலப் பிரதிநிதிகள் அவையின் நூறு இடங்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போட்டி. இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தவருக்கு நான் பார்த்த வருஷங்களில் சம்பளம் 17,640 டாலர். நான் இருக்கும் லவுடன் கவுண்டியில் அது ஒரு வருஷ வீட்டு வாடகைக்கே காணாது. நன்கொடைக்கோ உச்சவரம்பு எதுவும் கிடையாது. கொடுக்க மனமுள்ளவர் எவ்வளவும் கொடுக்கலாம். அப்படியென்றால் இருபத்தேழு வயசில், கல்விக் கடனோடு, சம்பள உயர்வும் மருத்துவக் காப்பீடும் பேசிக்கொண்டு தேர்தலில் நிற்கிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? எங்களைப் போல ஓய்வுபெற்றவர்களின் கால்கள்தான்.

முதல் வேலை கையெழுத்து. அவையின் வேட்பாளராகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் நிற்கத் தொகுதி வாக்காளர்கள் 125 பேர் கையெழுத்திட வேண்டும். 125 வேண்டுமென்றால் இருநூறுக்கு மேல் வாங்கி வைப்போம். பக்கத்துத் தொகுதிக்காரர் போட்டிருப்பார், முகவரியைப் பழைய வீட்டுக்கு எழுதியிருப்பார், பேனா மை பனியில் உறைந்து பாதிப் பெயர்தான் விழுந்திருக்கும். இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் நின்றால் கிடைக்கும்.

கதவு தட்டுவது அப்படியல்ல.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி. எங்கள் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாளர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். மணியை ஒருமுறை அடி, இரண்டடி பின்னால் வந்து நில், கை இரண்டும் வெளியே தெரியட்டும் என்பார். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. புல்தரையில் குறுக்கே நடக்கக் கூடாது. திறந்த கேட்டைத் திறந்தபடி, மூடிய கேட்டை மூடியபடி விட்டு வர வேண்டும். ஆள் இல்லையென்றால் துண்டறிக்கையைக் கதவுப் பிடியில் செருக வேண்டும். தபால் பெட்டியைத் தொடவே கூடாது, தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். இதெல்லாம் அவருக்கு அரிச்சுவடி. அரை நாளில் சொல்லி முடித்துவிட்டார்.

மீதி வருஷங்களெல்லாம் ஒரே பாடம்தான் நடத்தினார்: எண் போடுவது.

ஒவ்வொரு கதவுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் போட வேண்டும். ஒன்று நிச்சயமாக நமக்கு, ஐந்து நிச்சயமாக எதிராளிக்கு. வேறு பல மாநிலங்களில் வாக்காளர் தன் கட்சியைப் பதிவு செய்துகொள்வார், பட்டியலிலேயே தெரிந்துவிடும். வர்ஜீனியாவில் அந்தப் பதிவு இல்லை. முன்பு எந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களித்தார் என்பதை வைத்துக் கணினி ஒரு மதிப்பெண் தரும், அவ்வளவே. உண்மை கதவைத் திறக்கிறவர் முகத்தில்தான் இருக்கிறது. அதைச் சரியாகக் கேட்டு எழுதுவதுதான் தொழில்.

"வாழ்த்துகள், நல்லபடியா நடக்கட்டும்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் டீச்சர் நான்கு போடுவார். வாழ்த்துகிறவர் தன்னை அந்தத் தேர்தலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டுதான் வாழ்த்துகிறார் என்பது அவர் கணக்கு. முன்கூட்டி வாக்களிப்பது எங்கே, எத்தனை மணிவரை என்று கேட்கிறவர் ஒன்று. வேட்பாளரோடு சண்டை போடத் தயாராக ஒரு கேள்வி வைத்திருக்கிறவர் மூன்று. அந்த வீட்டுக்கு வேட்பாளரையே அனுப்பச் சொல்வார். ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன், கால் மணி நேரம் அன்பாகப் பேசிய பெரியவருக்கு ஒன்று போட்டு வந்தான். டீச்சர் அவனை நடைபாதையிலேயே நிறுத்தினார். "நம்ம ஆளைப் பத்தி அவர் ஒரு கேள்வி கேட்டாரா?" இல்லை. "அவருக்குப் பேச ஆள் வேணும், நீ கிடைச்ச. மூணு போடு." அழிப்பானையும் அவரே எடுத்துக் கொடுத்தார். காகிதப் பட்டியல் இருந்த காலம் அது.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பீர்கள். கடைசி நான்கு நாள் நாங்கள் யாரையும் மனம் மாற்றப் போவதில்லை. ஒன்றும் இரண்டும் விழுந்த வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போய், வாக்குச்சாவடிக்கு ஆளைக் கிளப்பி விடுவோம். அந்தப் பட்டியலில் பொய்யான ஒன்றுகள் நிறைந்திருந்தால், பனியில் அலைந்து எதிராளியின் ஓட்டுகளை நாங்களே எழுப்பி அனுப்பிவைப்போம்.

நம்மவர் வீடுகளில் இந்தப் பாடம் இன்னும் கஷ்டம். தமிழர் வீட்டுக் கதவில் 'இல்லை' என்ற பதிலே கிடையாது. "கண்டிப்பா போட்டுடுவோங்க, உள்ள வாங்க, எந்த ஊரு நீங்க?" காபி வரும், முறுக்கு வரும், என் மகன் எங்கே படித்தான் என்ற விசாரணை வரும். ஆஷ்பர்னில் ஒரு வீட்டில் அப்படித்தான் உட்கார வைத்தார்கள். என் கையிலிருந்த பட்டியலில் அந்த முகவரிக்கு இருந்தது பத்தொன்பது வயசுப் பெண்ணின் பெயர் மட்டும். அப்பா இன்னும் எச்-1பி விசாவில், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர். மகள் இங்கேயே பிறந்தவள்.

"அவளுக்கு ஓட்டு இருக்கா?" என்றார் ஆச்சரியமாக. இருக்கிறது, பட்டியலில் பேர் இருக்கு என்றேன். கைபேசியில் மகளைக் கூப்பிட்டார். பிளாக்ஸ்பர்கில் கல்லூரி விடுதி அறையிலிருந்து அவள் எடுத்தாள். எனக்குத் தந்த பதில் ஒரே வரி: "எந்தக் கட்சி பஸ் விடும்னு சொல்லுங்க ஆன்ட்டி, யோசிக்கிறேன்." காபி கொடுத்த அப்பாவுக்கு எண் கிடையாது, அவர் வாக்காளர் இல்லை. பெண்ணுக்கு மூன்று போட்டு, தபால் வாக்குக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அனுப்பி வைத்தேன்.

கதவில் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியும் டீச்சர் சொன்னதுதான்: "எப்ப போவீங்க, வேலைக்கு முன்னாடியா, பின்னாடியா? எங்கேருந்து கிளம்புவீங்க?" பிறகு டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008 பென்சில்வேனியா முதற்கட்டத் தேர்தலில் இதே மாதிரி கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுப் பரிசோதித்தார்கள். ஒரே வாக்காளர் இருக்கும் வீடுகளில் நல்ல பலன் தெரிந்தது. கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இதற்குக் காசு கொடுத்தார்களா என்று கேட்டார்.

ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கு நியூபோர்ட் நியூஸ் கதையைச் சொல்வேன். 2017-இல், 94-ஆம் தொகுதி. ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் முதல் எண்ணிக்கையில் பத்து ஓட்டில் பின்தங்கினார். மறு எண்ணிக்கையில் ஒரே ஓட்டில் ஜெயித்தார். மறுநாள், இரண்டு பெயருக்கும் எதிரே வட்டத்தை நிரப்பி ஒன்றை அடித்திருந்த ஒரு சீட்டை எடுத்து, அது குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்கே என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆளுக்கு 11,608 ஓட்டு, சமநிலை. 2018 ஜனவரி 4 அன்று பழைய ஃபிலிம் டப்பாக்களுக்குள் பெயர்ச் சீட்டைப் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். யான்சி. குலுக்கல் நம்மூர் உள்ளாட்சித் தேர்தலுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அந்தக் கிண்ணத்தில் கிடந்தது ஒரு மாநில அவையின் பெரும்பான்மை. சைமண்ட்ஸ் பெயர் வந்திருந்தால் 50-50. வராததால் குடியரசுக் கட்சிக்கு 51-49. (2019-இல் அவரே அதே தொகுதியில் யான்சியை ஜெயித்தார்.) அப்படியும் 2017 தேர்தலில் பதினைந்து இடங்கள் ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறின. அந்தப் பயத்தில்தான், வருஷக்கணக்காக முடியாது என்று சொல்லிவந்த அவை 2018-இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க ஒப்புக்கொண்டது. சுமார் நான்கு லட்சம் பேருக்குத் தகுதி கிடைத்தது.

அதே தேர்தலில் டானிகா ரோம், 1992 முதல் அவையில் இருந்த பாப் மார்ஷலைத் தோற்கடித்தார். அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்ற முதல் வெளிப்படையான திருநர் அவர். உலகம் அதைப் பேசியது. அவர் தொகுதியில் பேசியது 28-ஆம் நம்பர் சாலை நெரிசலை. இன்றைய இளம் வேட்பாளர்களுக்கு நான் இதைச் சொல்லும்போது மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். பிறகு கதவில் போய்ப் பருவநிலை மாற்றத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

அவர்களைக்கூடத் திருத்திவிடலாம். களப் பொறுப்பாளர்களாக வருகிற பிள்ளைகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினான்கு மணி நேரம் உழைக்கிறார்கள், சம்பளம் சொற்பம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மேலே ஒருவர் சுவரில் பெரிய திரை வைத்திருக்கிறார். அதில் தெரிவது தட்டிய கதவுகளின் எண்ணிக்கை மட்டும். மணிக்கு இருபது கதவு. ஒரு கதவில் மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. "வயசானவங்க அரட்டை அடிக்கிறாங்க" என்று பயிற்சி வகுப்பில் எங்களை வைத்துக்கொண்டே சொன்னார் ஒருவர். விளைவு என்ன? காரை விட்டு இறங்காமலே, எண் பதியும் மினிவேன் என்ற கைபேசிச் செயலியில் 'வீட்டில் இல்லை' என்று தட்டிவிடுகிறார்கள். நேரக் குறிப்பு காட்டிக்கொடுக்கிறது: நான்கு நிமிஷத்தில் ஒரு தெருவே வீட்டில் இல்லை. கதவைத் திறந்தவர் சிரித்தால் ஒன்று. சாயங்காலம் திரை பச்சையாகிறது, எல்லோருக்கும் பீட்சா வருகிறது.

போன மாதம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு நிற்கப்போகும் ஒரு பையன் உதவி கேட்டு வந்தான். நல்ல பிள்ளை, பஸ் ஓட்டுநர் பற்றாக்குறையை விரல்நுனியில் வைத்திருக்கிறான். வருகிறேன், ஆனால் நிபந்தனை உண்டு என்றேன். என் குழு மணிக்குப் பன்னிரண்டு கதவுக்கு மேல் போகாது. சாயங்காலம் எங்களிடம் எண்ணிக்கை கேட்கக் கூடாது, மூன்றுகளின் பெயரைக் கேட்க வேண்டும். அந்த வீடுகளுக்கு அவனே நடந்து போக வேண்டும், குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டான். மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் ஆன்ட்டி என்றான்.