ஒன்பது வாரமும் பத்தாவது வாரமும்

எழுதணும் எழுதணும்னு நினைச்சு மூணு மாசமா தள்ளிப் போட்ட பதிவு இது. தள்ளிப் போடறதப் பத்தின பதிவுதான், அதனால பரவாயில்லைன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருஷம் ஜூன் மாசம் ஆபீஸ்ல இலவச ஹெல்த் செக்கப்னு ஒண்ணு வெச்சாங்க. டீ-ஷர்ட் குடுக்கறாங்கன்னு யாரோ கிளப்பி விட்டாங்க, நானும் போய் வரிசையில நின்னேன். டீ-ஷர்ட் வந்துச்சு. நாலு நாள் கழிச்சு ஒரு பேப்பரும் வந்துச்சு. ஹெச்பிஏ1சி 5.9.

தெரியாதவங்களுக்கு: இது கடைசி ரெண்டு மூணு மாசத்துல ரத்தத்துல சர்க்கரை சராசரியா எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்ற கணக்கு. 5.7-க்குக் கீழ இருந்தா கவலை இல்ல. 6.5-ம் அதுக்கு மேலயும் சர்க்கரை வியாதி. நடுவுல இருந்தா எல்லைக்கோட்டுல நிக்கறோம்னு அர்த்தம். எனக்கு வயசு 28. கல்யாணப் பேச்சையே எல்லைக்கோட்டுல நிறுத்தி வெச்சிருக்கற ஆளு நான். இதுவும் அங்கயே வந்து நிக்குது.

வீட்டுல காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்தாங்க. "என்கிட்டேர்ந்து உனக்கு நகைதான் வரும்னு பார்த்தேன், இதுவும் வந்துடுச்சா"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க சரியா சாப்பிடல.

அம்மாவுக்கு 41 வயசுல சர்க்கரை வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி வாசல்ல கோலம் போடும்போது ஏதோ சின்னக் கல்லு காலுல குத்தியிருக்கு. அவங்களுக்குத் தெரியவே இல்ல. பாதத்துல உணர்ச்சி போயிட்டா அப்படித்தானாம், வலிக்கவே வலிக்காது. தரையில ஈரமா ஏதோ பட்டுதுன்னு குனிஞ்சு பார்த்தப்பதான் அது சீழுன்னு தெரிஞ்சுது. மூணு வாரம் ஆஸ்பத்திரி. வலது கால் சுண்டு விரலை எடுத்துட்டாங்க. மத்த கால் தப்பிச்சுது. அதுலேர்ந்து வீட்டுக்குள்ளயும் எம்.சி.ஆர். செருப்புதான். தினமும் பாதத்தைப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா கண்ணும் முன்ன மாதிரி இல்ல, குனிஞ்சு பார்க்கவும் முடியல. அதனால அந்த வேலை என்னோடது.

அதனால 5.9-ங்கறது எனக்கு வெறும் நம்பர் இல்ல. அது என்ன பண்ணும்னு தினமும் டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தவ நான்.

ஓடலாம்னு முடிவு பண்ணினேன். ஜிம்முக்குக் காசு கட்டி ஏமாந்த அனுபவம் ஏற்கனவே ரெண்டு தடவை இருக்கு. போன்ல 'கவுச் டு ஃபைவ் கே' ஆப்பை இறக்கினேன். இதைக் கேள்விப்படாதவங்களுக்குச் சுருக்கமா: சோபாவுலேர்ந்து எழுந்திருக்காத ஆளை ஒன்பது வாரத்துல 5 கிலோமீட்டர் ஓட வைக்கற திட்டம். வாரத்துக்கு மூணு நாள்தான். முதல் வாரம் அஞ்சு நிமிஷம் நடந்துட்டு, 60 விநாடி ஓடணும், 90 விநாடி நடக்கணும், இப்படியே மாத்தி மாத்தி 20 நிமிஷம். 1996-ல ஜோஷ் க்ளார்க்ங்கற அமெரிக்கர் எழுதினது. அவரு இதை எழுதினதே அம்பது வயசைத் தாண்டின தன் அம்மாவை ஓட வைக்கத்தானாம். இது எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா கதை வேற மாதிரி போயிருக்குமோ என்னவோ.

எங்க வீடு சிட்லபாக்கம். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க இங்க ஏரியைப் பார்த்திருந்தா ஓடற ஆசையே வராது, ஊரை விட்டு ஓடற ஆசைதான் வந்திருக்கும். 2019 கோடையில காஞ்சு போய்க் கிடந்தப்ப ஊர்க்காரங்களே இறங்கி குப்பை அள்ளினாங்க. அப்பறம் அரசாங்கம் 25 கோடி ஒதுக்கி தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டுச்சு. காலையில அஞ்சரைக்குப் போனா ஸ்வெட்டர் மாமாக்கள் (ஜூலையில ஸ்வெட்டர்! சென்னையில!), சிரிப்பு கிளப், நீர்க்காகம், கொக்கு எல்லாம் இருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் ரயில் சத்தம் லேசா கேக்கும்.

முதல் வாரம் எங்க தெருவுல கோலம் போட்டுக்கிட்டு இருந்த ஒரு ஆன்ட்டி, "என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?"ன்னு கேட்டாங்க. நிஜமான அக்கறையோட! முனையில இருக்கற நாய் என்னை விரோதியா அறிவிச்சுது. (டிப்ஸ்: நாய் குரைச்சா ஓடாதீங்க, நின்னு நடங்க. ஓடினா நாமளும் போட்டியில கலந்துக்கறோம்னு நினைச்சுக்குது.) ட்ராக் பேன்ட்டு மேல நீளமா குர்தா போட்டுக்கிட்டு ஓடறவளை ஜனங்க ஒரு மாதிரிதான் பார்த்தாங்க. மூணாவது வாரத்துலேர்ந்து யாரும் பார்க்கல.

அஞ்சாவது வாரம் மூணாவது நாள்னு ஒண்ணு வரும். அதுக்கு முந்தின தடவை எட்டு எட்டு நிமிஷமா, நடுவுல நடந்து நடந்து ஓடியிருப்போம். அன்னைக்கு திடீர்னு 20 நிமிஷம் நிக்காம ஓடுன்னு சொல்லும். முதல்ல பக்னு ஆச்சு. ஆனா ஓடிட்டேன். ஓடி முடிச்சு கரையில உட்கார்ந்து அழுதேன். இன்ஜினியரிங்ல எம்-3 அரியரை க்ளியர் பண்ணினப்ப கூட நான் அழுததில்ல.

செப்டம்பர் ரெண்டாவது வாரம் ஆப்பு முடிஞ்சுது. (சொல்லும்போதே அர்த்தம் மாறுது பாருங்க.) காதுல அந்த அம்மா, "வாழ்த்துகள், நீங்க இப்ப ஒரு ஓட்டக்காரர்"ங்கற மாதிரி இங்கிலீஷ்ல சொன்னாங்க. ஸ்க்ரீன்ல கலர் காகிதம் கொட்டுச்சு. மாச கடைசியில ரத்தம் குடுத்துப் பார்த்தேன், 5.6. ஆபீஸ்ல ட்ரீட் வெச்சேன். என்ன ட்ரீட்னு கேக்காதீங்க, அதுல ரசமலாயும் இருந்துச்சு.

பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை அலாரம் அடிச்சுது. எழுந்து ஷூவைப் போட்டுக்கிட்டு ஆப்பைத் திறந்தேன். எல்லாக் கட்டத்துலயும் பச்சை டிக். அடுத்து என்ன பண்ணணும்னு எங்கயும் போடல. வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னேன். சும்மா ஓட வேண்டியதுதானே? தெரியல மக்களே, கால் நகரவே இல்ல. திரும்பி வந்து படுத்துட்டேன்.

பொட்டி தட்டறவங்களுக்கு இது உடனே புரியும். கோ-லைவ் வரைக்கும் ப்ராஜெக்ட்ல அடிதடி இருக்கும். பீட்சா வரும், ராத்திரி கால் வரும், கிளையன்ட் மெயில்ல தேங்க்ஸ் வரும். கோ-லைவ் முடிஞ்ச மறுநாள் மெயின்டனன்ஸ். ஒழுங்கா ஓடினா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். அந்த டீம்ல யாராவது ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்து பார்த்திருக்கீங்களா? நான் ஒன்பது வாரமா ஓடினேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது, உண்மையில ஒன்பது வாரமா ஒரு குரலுக்குக் கீழ்ப்படிஞ்சது. ஸ்கூல், காலேஜ், ஆபீஸ்னு வாழ்க்கை பூரா நாம பழகினதும் அதைத்தானே?

அப்பறம் அக்டோபர்ல ரிலீஸ், ஏகப்பட்ட ஆணி. அது முடியறதுக்குள்ள வடகிழக்குப் பருவமழை. தாம்பரம் பக்கம் மழைன்னா முடிச்சூர், வரதராஜபுரம்னு 2015 வெள்ளத்துலேர்ந்து எல்லாருக்கும் வயித்துல புளி கரையும், அப்ப ஓட்டத்தை யாரு நினைக்கறா? ஓடாததுக்கு அருமையான காரணம் ஒவ்வொரு வாரமும் தானா வந்து வாசக்கதவைத் தட்டுச்சு. நானும் எல்லாரையும் உள்ள கூப்பிட்டு காபி குடுத்தேன்.

சும்மா இருந்தேன்னு சொல்ல முடியாது, முயற்சியும் பண்ணினேன். நல்ல ஷூ வாங்கினேன், ஏழாயிரம் ரூபா. அந்தக் குற்ற உணர்ச்சியில ஓடிடுவேன்னு கணக்கு. நாலு நாள் தாங்குச்சு. ஜனவரியில நடக்கற சென்னை மாரத்தான்ல 10 கி.மீ.க்குப் பணம் கட்டினேன். நம்மூர்ல 2006-லேர்ந்து 'சென்னை ரன்னர்ஸ்'னு ஒரு குழு இருக்கு, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கூட்டமா ஓடுவாங்க, அதுல சேருன்னு ஒரு நண்பர் சொன்னார். ஒரு தடவை கூட ஓடற இடத்துக்குப் போனேன், அன்பான ஜனங்க. ஆனா நாலு மணிக்கு எழுந்து, ஸ்கூட்டில ஊரைத் தாண்டிப் போய் ஓடிட்டு வந்தா அந்த ஞாயிறு செத்துடுது. அது எனக்கு சரிப்படல. குறை அவங்ககிட்ட இல்ல.

இன்னொரு பக்கம் ஆளாளுக்கு மா. சுப்பிரமணியன் கதையை ஃபார்வர்ட் பண்ணினாங்க. 2006-லேர்ந்து 2011 வரைக்கும் நம்ம சென்னைக்கு மேயர், 2021-ல சுகாதார அமைச்சர் ஆனவர். விபத்துல கால் அடிபட்டு, அதுக்கப்பறம் ஓட ஆரம்பிச்சு, நூறுக்கும் மேல அரை மாரத்தான் ஓடிட்டார். அரை மாரத்தான்னா 21.1 கி.மீ. பெரிய விஷயம், கையெடுத்துக் கும்பிடணும். ஆனா ஒண்ணு சொல்றேன், அடுத்தவங்களோட நூறு என்னை ஒரு நாள் கூட படுக்கையிலேர்ந்து எழுப்பல. படிச்சுட்டு 'சூப்பர்'னு போட்டுட்டு திரும்பவும் போர்த்திக்கிட்டேன்.

10 கி.மீ.க்குப் போகவும் இல்ல. டீ-ஷர்ட் மட்டும் வாங்கிக்கிட்டேன். (டீ-ஷர்ட்டுக்கும் எனக்கும் அப்படி ஒரு ராசி.)

ஜனவரியில பொங்கல் முடிஞ்சு திரும்ப ரத்தம் குடுத்தேன். 5.9. ஒரு பாயின்ட் கூட மாறாம புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டேன். லேபு மாறினாலே 0.2, 0.3 ஆடும், ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்காதேன்னு டாக்டர் சொன்னார். கூடவே அவர் சொன்ன இன்னொண்ணுதான் மண்டையில நின்னுச்சு. ஓடும்போது தசை ரத்தத்துலேர்ந்து சர்க்கரையை எடுத்துக்கும். ஓடி முடிச்ச பிறகும் ஒரு நாள், அதிகம் போனா ரெண்டு நாள் வரைக்கும் இன்சுலின் பேச்சை உடம்பு நல்லா கேக்கும். அப்பறம் மறந்துடும். "சேத்து வெச்சுக்க முடியாதும்மா, இது பேங்க் இல்ல. பல்லு விளக்கற மாதிரி"ன்னார். வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு அந்தத் திட்டத்துல இருந்தது சர்க்கரைக்கும் பொருந்துதுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. அதுவரைக்கும் காலுக்கு ரெஸ்ட்டுன்னு மட்டும்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி வழக்கம் போல டார்ச்சை எடுத்துக்கிட்டு அம்மா பக்கத்துல உட்கார்ந்தேன். அம்மா காலை உள்ள இழுத்துக்கிட்டாங்க.

"நீ என் காலை தினமும் பார்க்கற. உன் காலை யாருடி பார்க்கறது?"

விளையாட்டுன்னு நினைச்சேன். "காட்டும்மா"ன்னேன். காட்டல. "ஓடிட்டு வா, காட்டறேன். ஓடாத நாள் நானே தடவிப் பார்த்துக்கறேன்"னாங்க. தடவிப் பார்த்தா விரலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். மிரட்டல்னா இதுதான் மிரட்டல். சண்டை போட்டேன், கத்தினேன். அவங்க புடவையால பாதத்தை மூடிக்கிட்டு சீரியல் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

மறுநாள் வியாழன். அஞ்சேகாலுக்கு எழுந்து ஓடினேன். எட்டு நிமிஷத்துல நாக்கு தள்ளிடுச்சு. மூணு மாசம் முன்னாடி அரை மணி நேரம் ஓடின அதே ஆளு. வந்து, "ஓடிட்டேன், இப்ப காட்டு"ன்னேன், அழுகையும் கோபமுமா. அம்மா சாதாரணமா காலை நீட்டினாங்க.

பேச்சுவார்த்தை நடத்தி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பாதம் தினமும் பார்ப்பேன், அதுல பேரம் கிடையாது. பதிலுக்கு செவ்வாய், வியாழன், ஞாயிறு மூணு நாளும் அம்மாவும் என்கூட ஏரிக்கு வருவாங்க. நான் ஓடற நேரத்துல அவங்க பெஞ்சுலேர்ந்து பெஞ்சு வரைக்கும் மெதுவா நடப்பாங்க. ஜோஷ் க்ளார்க்கோட அம்மா கதை அதுக்கப்பறம்தான் படிச்சேன். அம்மாகிட்ட சொன்னதுக்கு, "அந்தப் பையன் அம்மாவுக்குப் பண்ணினான். எங்க வீட்டுல எல்லாம் தலைகீழ்"னாங்க. அவ்வ்வ்.

இப்ப அஞ்சு மாசம் ஓடுது. தினமும் சந்தோஷமா துள்ளிக் குதிச்சு ஓடறேன்னு சொன்னா அது பொய். மார்ச்சுல ரெண்டு வாரம் மொத்தமா போச்சு, ஒரு ப்ரொடக்‌ஷன் பிரச்சனை. ஏப்ரல்லேர்ந்து அஞ்சு மணிக்கே கிளம்பினாலும் புழுக்கத்துல சட்டை பிழியற அளவுக்கு நனையுது, வேகம் பாதியாகுது. ஓடும்போது ஒரு வரி பேச முடியற வேகம் போதும்னு விட்டுட்டேன். வேகம், தூரம் எதையும் குறிச்சு வைக்கறதில்ல. ஆரோவில்ல வருஷா வருஷம் ஒரு மாரத்தான் நடத்தறாங்க, செம்மண் பாதையில, முதல் பரிசு ரெண்டாம் பரிசுன்னு எதுவும் இல்லாம. போட்டியே இல்லாத போட்டிக்கு எதுக்குடா அவ்வளவு பேர் போறாங்கன்னு முன்னாடி கிண்டல் பண்ணியிருக்கேன். இப்ப கொஞ்சம் புரியற மாதிரி இருக்கு. அடுத்த பிப்ரவரி அம்மாவையும் கூட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கவாவது போகணும்.

அடுத்த டெஸ்ட் அடுத்த மாசம். 5.6 வருமா 6 வருமான்னு தெரியல. வந்தா சொல்றேன்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை ஓடிட்டு வந்து பாதம் பார்த்தப்ப, இடது குதிகால் ஓரத்துல மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். புது செருப்போட வார் பட்டிருக்கு. அம்மாவுக்கு வலிக்கவே இல்ல. "இதுக்குப் போயா"ன்னாங்க. ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு நேத்து காலையில முதல் டோக்கன் வாங்கி டாக்டர்கிட்ட போயிட்டோம். மருந்து வெச்சுக் கட்டிட்டு, பத்து நாள் நடக்கக் கூடாது, அந்தச் செருப்பைப் போடவே கூடாதுன்னுட்டார்.

இன்னைக்கு ஸ்கூட்டில கூட்டிக்கிட்டுப் போய் பெஞ்சுல உட்கார வெச்சுட்டு ஓடினேன். கையில என் போன், பக்கத்துல தண்ணி பாட்டில். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் ஸ்வெட்டர் மாமாவுக்கு என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தாங்க. என்ன சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, "மூணாவது சுத்துல ஏமாத்தி நடந்த, அதைத்தான் சொன்னேன்"னாங்க.

நடந்தது நிஜம்தான். நாய் நின்னுக்கிட்டு இருந்துச்சு.