சரிபார்க்க ஆளில்லாத ஒரு வரி

ஜூலியா மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது, வேறு மொழியில் எழுதியதை அழைக்கும் அந்த ஒற்றை வரி. சி லைப்ரரியின் பெயர், ஃபங்ஷனின் பெயர், உள்ளே போகும் மதிப்புகளின் வகை, திரும்பி வருவதன் வகை. இவ்வளவு சொன்னால் போதும். நடுவில் இணைப்புக்கென்று தனியாக சி-யில் எதுவும் எழுத வேண்டாம். 2012-இல் ஜெஃப் பெசான்சன், ஸ்டெஃபான் கார்பின்ஸ்கி, வைரல் ஷா, ஆலன் எடெல்மன் நால்வரும் ஜூலியாவை அறிமுகப்படுத்தியபோதே இந்த வசதியும் உடன் வந்தது.

இதன் அருமை பழைய லைப்ரரிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். எம்ஐடியில் மட்டேயோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் சி-யில் உருவாக்கிய எஃப்எஃப்டிடபிள்யூ, ஃபூரியே உருமாற்றத்துக்கானது. 1999-இல் வில்கின்சன் பரிசு பெற்ற அந்த உழைப்பை, புதுமொழி வந்துவிட்டது என்பதற்காக யாராவது முதலிலிருந்து தொடங்குவார்களா?

ஆனால் அந்த ஒற்றை வரியில் நாம் சொல்லும் வகைகள் சரிதானா என்று பார்க்க ஆள் கிடையாது. தொகுக்கப்பட்ட சி லைப்ரரியில் ஃபங்ஷனின் பெயர் இருக்கும். அது எந்த வகையை வாங்கும், எதைத் தரும் என்ற விவரம் பொதுவாக இருக்காது. வர்க்கமூலம் தரும் ஃபங்ஷன் தசம எண்ணைத் திருப்பித் தருகிறது. முழு எண் என்று நாம் எழுதிவிட்டால், 64-பிட் இன்டெல் கணினியில் விடை ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும், ஜூலியா வேறொன்றைப் படிக்கும். பிழைச்செய்தி வராது. ஏதோ ஓர் எண் வரும், கணக்கும் மேலே ஓடும். புரோகிராம் நின்றுபோவதைவிட எனக்கு இதுதான் பயம். ஆய்வு முடிவுக்குள் அந்த எண் போய் உட்கார்ந்துவிடுமே.

சி-யின் ‘லாங்’ இன்னும் பொல்லாதது. 64-பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட். அதற்காகவே ஜூலியாவில் ‘சிலாங்’ என்ற வகை இருக்கிறது. அணிகளிலும் கவனம் வேண்டும்: ஜூலியா நிரல் நிரலாக அடுக்கும், சி வரிசை வரிசையாக அடுக்கும், இரண்டுக்கு மூன்று அணியை அப்படியே அனுப்பினால் சி அதன் எண்களை இடம் மாற்றிப் படிக்கும்.

நினைவகத்தின் கதை வேறு. அழைப்பு முடியும்வரை, அனுப்பிய அணியை ஜூலியா விடுவிக்காது. சி அந்த முகவரியைக் குறித்துவைத்துப் பிறகு தொட்டால் பொறுப்பு நம்முடையது. அதுவரை அணியை நாம்தான் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

ஆகவே, இளம் ஆய்வாளர்களே, வேறெங்கோ பார்த்த வரியை அப்படியே ஒட்டாதீர்கள். லைப்ரரியின் ஹெடர் ஃபைலைத் திறந்து, உங்கள் ஃபங்ஷனின் அறிவிப்பை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே உங்கள் தரவை அனுப்புங்கள்.