உரிமம் என் பெயரில்

எங்கள் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. ராணுவம் பழசென்று கழித்த சரக்கு. ஒரு நல்ல தையல் மிஷின் வாங்கும் காசுகூட ஆகவில்லை, அவ்வளவு மலிவாக அப்பா அதை வாங்கினார் என்று அம்மா சொல்வாள். இன்று அதன் உரிமம் என் பெயரில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனி செய்த .32 போர் பிஸ்டல். 1908ஆம் ஆண்டு மாடல். மேகசினில் எட்டுத் தோட்டா கொள்ளும். 1911இல் லண்டன் போலீசார் இந்த மாடலை எடுத்துக்கொண்டார்கள். அதே 1911, ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் கையில் இருந்தது வெப்ளி அல்ல, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். எங்கள் சீமையில் பிஸ்டல் என்றாலே மணியாச்சிதான் நினைவுக்கு வரும். வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்த பிறகு அவர் மனைவி பொன்னம்மாள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தார். நான் படித்த பாடப்புத்தகத்தில் துப்பாக்கிக்கு ஒரு வரி இருந்தது. பொன்னம்மாளுக்கு இல்லை.

இந்தியாவில் யாரும் நினைத்தவுடன் துப்பாக்கி வாங்கிவிட முடியாது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாகச் சுதந்திர இந்தியா 1959இல் தன் சட்டத்தை இயற்றியது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. .32 போர் தடையில்லாதது, ஆனால் உரிமம் வேண்டும். அப்பா ராணுவத்தில் இருந்தவர். படையில் வழக்கொழிந்த ஆயுதங்களை ஜபல்பூர் ஆயுதக் கிடங்கின் வழியாகப் படையினருக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அப்படி வாங்கியவற்றை ராஜஸ்தானில் சில அதிகாரிகள் வெளியாட்களுக்கு நல்ல லாபத்துக்கு விற்ற விவகாரம் பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்பா விற்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

திருட்டுப் பயம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 1982இல் எங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து நடராஜர் சிலையையே தூக்கிப் போனார்கள். அது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்து 2019இல்தான் திரும்பி வந்தது. "சாமிக்கே காவல் இல்லாத ஊர்ல நமக்கு யாரு இருக்கா?" என்று அப்பா சொல்வார். நாங்கள் அதை நம்பினோம். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் திருடன் வரவில்லை. திருடிக்கொண்டு போக அம்மாவின் தாலிச் சங்கிலியைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை.

ஆயுத பூஜை அன்று அது வெளியே வரும். அருவாள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் தையல் மிஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அம்மாவும் நானும். பிஸ்டலுக்கு மட்டும் அப்பாதான் பொட்டு வைப்பார். "ஏட்டி, அதத் தொடாத" என்பார். கருக்கருவாளோடு வயலில் இறங்கி நாள் முழுக்கக் கதிர் அறுத்தவள் என் அம்மா. மீனும் தேங்காயும் பனங்கிழங்கும் அவள் கை அருவாளுக்கு ஒன்றுதான். கூர்மையான எதைக் கண்டும் அவள் பயந்ததில்லை. இதைத் தொட மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை.

அப்பா குடிகாரர் அல்ல. எங்களை நோக்கி ஒருநாளும் அதை எடுத்ததும் இல்லை. ஆனால் அவர் குரல் உயரும்போதெல்லாம் அம்மாவின் கண் ஒரு நொடி பீரோப் பக்கம் போய்வரும். பத்து வயதில் நான் அதைக் கவனித்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று முப்பது வருடங்கள் கழித்துத்தான் கேட்டேன். "எடுப்பாருன்னு நெனைக்கல. எடுக்க முடியும்னு தெரியும்லா" என்றாள். ஒரு வீட்டில் ஒரு துப்பாக்கி சுடாமலேயே என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வும் சொல்லி நான் படித்ததில்லை.

அப்பா இறந்ததும் பிஸ்டலைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். உரிமக்காரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு. மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, "அத நான் எடுத்துக்கிடுதேன்" என்றான். அது அவனுக்குத்தான் என்பதில் உறவுக்காரர்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

என் மதினி அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளுடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்வாள். வெவ்வேறு கதவுகள் அவளை வெவ்வேறு வருடங்களில் இடித்திருக்கின்றன. அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ராத்திரி படுக்கையில், "அது அவன் வீட்டுக்குப் போவக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல்லும் மற்றவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனைவியை, காதலியை அடித்துத் துன்புறுத்தும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தால் அவள் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அது கண்டது. அம்மா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவளுக்கு மதினியின் புருவம் போதுமானதாக இருந்தது.

அண்ணன் பெயருக்கு உரிமம் போக வேண்டுமானால் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இருந்தவரை அம்மாவிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. வீட்டை அடமானம் வைத்தபோதும் கேட்கவில்லை. அவள் முதன்முதலாகத் தன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று கண்டது, அதைப் போட மாட்டேன் என்று சொன்னபோதுதான். ஐந்து மாதம் இழுத்தது. அண்ணன் கோபப்பட்டான், பேசாமல் இருந்தான், சித்தப்பாவை அனுப்பிப் பார்த்தான். கடைசியில், அப்பாவின் பொருள் யாரிடமோ போவதற்குத் தங்கச்சியிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தான்.

விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இத யாரு பாத்துக்குவாங்க?" என்றார். துப்பாக்கி வேண்டும் என்பதற்கு வீட்டில் ஆண் இல்லாததே காரணம், கொடுக்கக் கூடாது என்பதற்கும் அதே காரணம். தேர்தல் வரும்போது உரிமக்காரர்கள் ஆயுதத்தை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பையோடு போய் நிற்கும் என்னைப் பார்த்து, "சார் வரலையா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சார் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன.

உரிமத்துக்கு முன் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். முதல் பாடம், துப்பாக்கி காலி என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார். இரண்டாவது, சுட முடிவு செய்யும்வரை குதிரையில் விரல் வைக்காதே. மூன்றாவது, எதை அழிக்க விரும்பவில்லையோ அதை நோக்கிக் குழலைத் திருப்பாதே. வாழ்க்கைக்கு உதவும் பாடங்களாக எனக்குப் பட்டது.

நிலையத்து அலமாரியில் கிடந்ததில் பிஸ்டலில் துரு ஏறியிருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். மேகசினை வெளியே எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குதிரையைச் சுற்றியிருக்கும் வளையத்தை இழுத்து விடுவித்தால் குழலும் மேல்பாகமும் முன்பக்கமாகக் கழன்று வரும். வலது கைப்பிடித் தகட்டுக்கு அடியில் 'வி' வடிவத்தில் ஒரு ஸ்பிரிங். பாபின் கேஸையும் ஷட்டிலையும் ஆயிரம் முறை கழற்றி மாட்டிய கைக்கு இது அந்நியமாக இல்லை. அதே திருகாணிகள், அதே எண்ணெய் வாசனை, அதே பொறுமை. அப்பா ரங்கூன் எண்ணெய் என்று ஒன்றை வைத்திருந்தார். நான் துப்பாக்கிக் கடையில் கொடுத்த எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் தொட்டுக் குழலுக்குள் இழுக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசுக்காகி ஒட்டிக்கொள்ளும்.

துடைக்கலாம், எண்ணெய் போடலாம். அதற்கு மேல் பழுதுபார்ப்பது உரிமம் பெற்றவர் வேலை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இந்த பிஸ்டலைச் செய்வதை அந்தக் கம்பெனி இரண்டாம் உலகப்போர் காலத்திலேயே நிறுத்திவிட்டது. பாகம் கிடைப்பது அரிது. பழுதுபார்ப்பவரிடம் எனக்கு அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நான் துடைக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் கைப்பிடித் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டுதானா?" என்றாள். முப்பது வருடங்கள் பீரோவுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பொருள் ஒரு பழைய வேட்டித் துணியின் மேல் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது.

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. டெல்லியில் 2012 டிசம்பரில் கொல்லப்பட்ட மாணவியின் நினைவை ஒட்டிய பெயர். .32 போர், எடை அரைக் கிலோ, விலை 1,22,000 ரூபாய்க்கும் மேல். நகைப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பேருந்தில் நடந்த குற்றத்துக்குப் பதில், பேருந்தில் போகும் எந்தப் பெண்ணாலும் வாங்க முடியாத ஒரு பொருள். விலையை விட்டாலும் கேள்வி தீரவில்லை. அவள் யாரைச் சுட வேண்டும்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணம் ஆன பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். காவல்துறையில் பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். துப்பாக்கி என்பது திண்ணைக்கு வெளியே இருந்து வருகிறவனுக்காகச் செய்யப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு ஆபத்து உள்ளே சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குத்தான் பீரோச் சாவி எங்கே என்று தெரியும்.

பெண் கையில் ஆயுதம் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவு தொடங்கியபோது, மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் பலர் கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். அவர்கள் கூட்டமாக நின்றார்கள், பக்கத்தில் தோழி இருந்தாள், எதிரி யார் என்று தெரிந்திருந்தது. தனியாக ஒருத்தியிடம் ரிவால்வரைக் கொடுத்து இனி உன் பாடு என்று அனுப்புவது வேறு காரியம்.

மதினி இப்போது வருடத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கிறாள். மாவு பிசைந்து அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். அண்ணன் மீது வழக்குப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த முடிவு அவளுடையது. அவளைக் காப்பாற்றியது பிஸ்டல் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்கு உதவியது ஒரு அறை, ஒரு தொழில், கதவைத் திறக்கும் ஒரு மாமியார். பிஸ்டல் செய்த உதவி, அவள் வீட்டில் இல்லாமல் இருந்தது.

இதை விற்றுவிடலாம், அரசிடமே ஒப்படைத்தும் விடலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அதைப் பேசுகிறோம். "இருக்க எடம் நமக்குத் தெரியுதுல்லா, இருக்கட்டும்" என்பாள் அம்மா. விற்றால் அது யாருடைய பீரோவுக்குள் போகும், அங்கே யார் அடுப்படியில் நிற்பாள் என்பது அவள் கவலை. என் காலத்துக்குப் பிறகு வாரிசு என்று யாருக்கும் இது போகாது, அழித்துவிடச் சொல்லி ஒப்படைப்பதாக நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்.

அதுவரை ஏற்பாடு இதுதான். பிஸ்டல் பீரோவில், தோட்டா தனியாக ஒரு இரும்புப் பெட்டியில். பீரோச் சாவி என்னிடம். பெட்டிச் சாவி அம்மாவின் இடுப்பில். இரண்டும் ஒன்று சேர வேண்டுமானால் இரண்டு பெண்கள் சம்மதிக்க வேண்டும். இதுவரை அப்படி ஒரு தேவை வரவில்லை.