தெரிந்த முகங்களோடு ஒரு வெள்ளோட்டம்

குவார்ட்ஸால் ஆன நீண்ட சட்டம் ஒன்று. நீளம் 4.9 மீட்டர், அகலம் மூன்றரை சென்டிமீட்டர், கனம் ஒரு விரல் அளவு. அதற்குள் பிறக்கும் ஒளி பக்கச் சுவர்களில் நூற்றுக்கணக்கான முறை பட்டுத் திரும்பிய பிறகும், தான் புறப்பட்ட கோணத்தைக் காப்பாற்றிக்கொண்டு முனையில் வெளிவர வேண்டும். சுவரில் சிறு கீறல் இருந்தாலும் ஒளி சிதறிவிடும். அதனால் மேற்பரப்பின் மேடுபள்ளம் நானோமீட்டரில் பாதிதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்து மெருகேற்றினார்கள். இப்படி 144 சட்டங்கள்.

கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்தின் பாபர் சோதனைக்காக 1990களில் உருவானது இந்தச் சட்டங்களைக் கொண்ட உணர்கருவி. பி மீசான் என்ற துகளும் அதன் எதிர்த்துகளும் பிறந்து சிதைவதைப் படிப்பது பாபரின் வேலை. ‘பி, பி-பார்’ என்ற அந்த இணையின் பெயரை வேகமாகச் சொன்னால், குழந்தைக் கதைகளில் வரும் யானை அரசன் பாபரின் பெயர் காதில் விழும். சோதனைக்கு யானையின் பெயர் வந்த கதை அதுதான்.

உணர்கருவியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. அதே ஆய்வகத்தில் அதற்கு முன் நடந்த எஸ்.எல்.டி. சோதனையில் துகள்களை அடையாளம் காட்டிய கருவி சி-ஆர்-ஐ-டி. திரவமும் வாயுவும் நிரம்பிய, பராமரிக்கச் சிரமமான கருவி அது. அங்கே பணியாற்றிய பிளேர் ராட்கிளிஃப் யோசனையையே திருப்பிப் போட்டார். மற்றவர்கள் சட்டத்துக்குள் சிறைப்பட்டுப் போகும் ஒளியைக் கழிவென்று விட்டுவிட்டு, வெளியே தப்பும் ஒளியைப் பிடித்தார்கள். இவர் சிறைப்பட்ட ஒளியையே பிடிக்கலாம் என்றார். பெயரையும் பின்னாலிருந்து படித்தால் போதும்: டி-ஐ-ஆர்-சி, டிர்க்.

அந்த ஒளி செரென்கோவ் ஒளி. ஒரு பொருளுக்குள் ஒளி செல்லும் வேகத்தை மின்னூட்டமுள்ள துகள் ஒன்று மிஞ்சினால், அது தன் பாதையைச் சுற்றிக் கூம்பு வடிவில் நீலநிற ஒளியைச் சிந்தும். செரென்கோவ் 1934இல் இதைக் கண்டறிந்தார்; விளக்கம் சொன்ன ஃபிராங்க், டாம் இருவரோடும் 1958இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துகள் எவ்வளவு வேகமோ, கூம்பு அவ்வளவு விரியும். காந்தப்புலத்தில் துகள் வளைவதிலிருந்து அதன் உந்தம் தெரியும். உந்தமும் வேகமும் கிடைத்துவிட்டால் நிறை கிடைக்கும். நிறை தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தத்தில் பறக்கும் பயான் என்ற துகள் ஒளிவேகத்தில் 99.9 சதவீதத்தைத் தொடுகிறது. அதைவிட மூன்றரை மடங்கு கனமான கேயான் என்ற துகள் 98.7 சதவீதத்தில் போகிறது. குவார்ட்ஸுக்குள் இரண்டும் சிந்தும் கூம்புகளின் கோண வித்தியாசம் ஒரு பாகையில் மூன்றில் இரண்டு பங்குதான். அதைப் பிரித்துச் சொல்ல ஒரு துகளுக்குக் கிடைப்பவையோ சில பத்து ஃபோட்டான்கள். சட்டங்களின் முனையில் சுமார் 6,000 லிட்டர் தூய நீர் நிரம்பிய தொட்டி இருந்தது. அதன் வளைந்த சுவரில் 10,752 ஒளிபெருக்கிக் குழாய்கள் தண்ணீருக்குள் முகம் நீட்டிக் காத்திருந்தன.

சோதிக்கும் வேலை கருவி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இயற்கைக் குவார்ட்ஸை உருக்கிச் செய்த மாதிரிகளைக் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தபோது அவை ஒளி கடத்தும் திறனை இழந்தன. அதனால் செயற்கையாக உருவாக்கிய சிலிக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்திருந்தால் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளில் பாபரின் பார்வை மங்கியிருக்கும். கட்டுரைகளில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும்.

1999 மே மாதம் எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் பாபருக்குள் முதன்முதலாக மோதின. சட்டங்களை அடுக்கிய பன்னிரண்டு பெட்டிகளில் எல்லாமே அப்போது இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள்தான் முழுமையானது. ஆனால் குழாய்கள் எல்லாம் விழித்திருந்தன, தேவைக்கு அதிகமாகவே. கற்றையிலிருந்து வழிதவறிய துகள்கள் அருகிலுள்ள உலோகங்களில் பட்டுத் தெறித்ததில் தொட்டி முழுவதும் வேண்டாத ஒளிப்பொறிகள். கற்றை செல்லும் பாதையைச் சுற்றி ஈயக் கவசம் வைத்தார்கள். அது போதவில்லை, மீதி வேலையைக் கடிகாரம் செய்தது.

பாபர் ஒரு நிகழ்வைப் பதியும்போது 600 நானோநொடி அகலமுள்ள சாளரத்தைத் திறந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான போலிப் பொறிகள் விழும். ஆனால் துகள் எந்தச் சட்டத்தை எங்கே கடந்தது என்பது தெரிந்தால், உண்மையான ஃபோட்டான் எந்தக் குழாய்க்கு எப்போது வந்தாக வேண்டும் என்று கணக்கிட முடியும். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 நானோநொடி மட்டும் ஏற்றுக்கொண்டால் போலிகள் ஏறக்குறைய நாற்பதில் ஒன்றாகக் குறைந்துவிடும். இதற்கு எல்லாக் குழாய்களின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். நீல ஒளி டையோடுகளைத் தொட்டிக்குள் மின்னவைத்து, ஒவ்வொரு குழாயின் தாமதத்தையும் திரும்பத் திரும்ப அளந்து திருத்தினார்கள்.

இனி முக்கியமான கேள்வி. இது கேயான் என்று கருவி சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது என்று எப்படி நம்புவது? ஆளைத் தெரியாதவரிடம் அடையாளம் கேட்டுப் பயனில்லை. முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்களைக் கருவிக்கு முன் நிறுத்த வேண்டும். அதே சமயம் அவர்கள் யார் என்பது அந்தக் கருவியின் உதவியில்லாமலேயே நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

அதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. டி-ஸ்டார் என்ற துகள் சிதையும்போது ஒரு டி மீசானும், மெதுவாக நகரும் ஒரு பயானும் பிறக்கின்றன. அந்த டி சில சமயம் ஒரு கேயானாகவும் ஒரு பயானாகவும் உடைகிறது. மிக அரிதான விதிவிலக்கு தவிர, இந்தக் கேயானின் மின்னூட்டம் அந்த மெதுவான பயானின் மின்னூட்டத்துக்கு நேரெதிராகவே இருக்கும். ஆக, மெதுவான தம்பியின் மின்னூட்டத்தைப் பார்த்தாலே மற்ற இரண்டு தடங்களில் எது கேயான், எது பயான் என்று தெரிந்துவிடுகிறது. செரென்கோவ் ஒளியின் பக்கமே போக வேண்டியதில்லை. இப்படிப் பெயரெழுதிய தடங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி டிர்க்கிடம் காட்டினார்கள். 100 கேயான்களில் சுமார் 96ஐ அது சரியாகச் சொன்னது. 100 பயான்களில் இரண்டைத்தான் கேயான் என்று தவறாகச் சொன்னது. அந்த இரண்டு என்ற எண் சிறிதாகத் தோன்றலாம். எத்தனை தவறு நேர்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான், தவறே இல்லை என்று நம்புவதைவிடப் பெரிய பலம். இயற்பியலாளர்கள் தங்கள் முடிவுகளில் பிழையெல்லை எழுதுவது அந்தப் பலத்தை நம்பித்தான்.

ஓடத் தொடங்கிய பின்னும் வேலை ஓயவில்லை. மிகத் தூய நீர் பசியுள்ள நீர். தொட்டதிலிருந்தெல்லாம் எதையாவது கரைத்துக்கொள்ளும். குழாய்களின் முகக்கண்ணாடியிலிருந்த சோடியத்தை அது மெல்ல இழுத்தது. துத்தநாகம் சேராத கண்ணாடியோடு வந்திருந்த சுமார் ஐம்பது குழாய்களின் முகம் பனி படர்ந்தது போல வெளுத்தது. மற்றவற்றின் அரிப்பு வேகத்தை அளந்து, சோதனை முடியும்வரை தாங்கும் என்று உறுதி செய்துகொண்டார்கள். சட்டப் பெட்டிகளுக்குள் உலர்ந்த நைட்ரஜனை ஓடவிட்டு, வெளியே வரும் வாயுவின் ஈரத்தைக் கண்காணித்தார்கள். ஈரம் கூடினால் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று பொருள்.

இத்தனை பாடும் எதற்காக என்பது 2004இல் தெரிந்தது. 22.7 கோடி பி இணைகளை அலசிய பாபர் குழு, கேயானும் பயானுமாகச் சிதைந்தவற்றை எண்ணியது. பி மீசானிலிருந்து 910, எதிர் பி மீசானிலிருந்து 696. பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று பி மீசான்களில் அதற்கு முன் கிடைத்ததில்லை. இரண்டு பயான்களாகச் சிதைபவை இந்தக் கூட்டத்தில் கலந்துவிடாமல் பிரித்தது, மிகச் சிறிய அந்தக் கோண வித்தியாசம்தான்.

பாபர் 2008 ஏப்ரலில் நின்றது. சட்டங்கள் மட்டும் அப்படியே தெளிவாக இருந்தன. பன்னிரண்டில் நான்கு பெட்டிகளை லாரியில் ஏற்றி, அதிர்ச்சி தாக்காமல் கண்டத்தின் குறுக்கே விர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019இல் அங்கே குளூஎக்ஸ் சோதனையில் அவற்றுக்கு மறுபடி வெள்ளோட்டம். புதிய குழாய்கள், புதிய தொட்டி, மறுபடியும் தண்ணீர். சரிபார்க்க நிறுத்தியவை மட்டும் மறுபடியும் தெரிந்த முகங்களே: ரோ மீசான் உடைந்து வந்த இரண்டு பயான்கள், ஃபை மீசான் உடைந்து வந்த இரண்டு கேயான்கள்.